ஒரே லைன்அப்ப வச்சு கப் தூக்கிட்டாங்க, அந்த காம்போவ பான் பண்ணச் சொல்லலாமா?

தம்பி, நீங்க எழுதுனத முழுசா படிச்சேன். பட்டர்வொர்த்ல ஒரு தாமான் டேவான்ல (குடியிருப்பு மண்டபம்) 16 டீம் ஆடுன மொபைல் லெஜண்ட்ஸ்ங்கிற அஞ்சுக்கு அஞ்சு போன் கேம் கப், முதல் மூணு ரவுண்டு ஒரே கேம், ஃபைனல் மட்டும் மூணுல ரெண்டு. ஒரு டீம் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஹீல் பண்ற எஸ்டஸ் ரோம் (மேப் சுத்தி கூட இருக்குறவங்களுக்கு உதவுற ஆளு), அடி தாங்குற டேங்க் ஜங்லர் (காட்டு மிருகங்கள அடிச்சு வளர்ற ஆளு), பின்னாடி தூரத்துல நின்னு அடிக்கிற ஒரு மார்க்ஸ்மேன்னு ஒரே லைன்அப்ப எடுத்து எல்லாரையும் அடிச்சுட்டாங்க, ஃபைனல்ல உங்களையும் 2-0. இப்ப நீங்க கேக்குறது, அடுத்த கப்ல அந்த காம்போவ பான் பண்ணச் சொல்லி ஏற்பாட்டாளர்கிட்ட பேசலாமா, கேம் கம்பெனி மூண்டன் ஏன் இன்னும் நெர்ஃப் பண்ணாம, அதாவது பலத்த குறைக்காம வேடிக்கை பாக்குதுன்னு. ஆனா இதுக்குள்ள மூணு தனித்தனி கேள்வி சுருண்டு கிடக்கு: எஸ்டஸ்ங்கிற ஹீரோ ஓவர்பவரா, அந்த அஞ்சு ஹீரோவும் சேர்ந்தா ஓவர்பவரா, இல்ல அத விளையாடுன அஞ்சு பசங்க ஓவர்பவரா. மூணுக்கும் மருந்து வேற வேற, தப்பான மருந்து குடுத்தா அடுத்த கப்லயும் இதே அழுகைதான்.

நான் கோலாலம்பூர்ல ஒரு காலேஜ்ல புள்ளியியல் பாடம் எடுக்குறேன், பல வருஷமா காலேஜ் பசங்க டீமுக்கு டிராஃப்ட் (மேட்ச்சுக்கு முன்னாடி எந்த ஹீரோவ எடுக்குறது, எத பான் பண்றதுங்கிறது) பாத்து குடுக்குறேன், செந்தூல், கிள்ளான் பக்கம் இந்த மாதிரி சின்ன கப் நடந்தா ரெஃப்ரியா உக்காருவேன். அதனால நம்பர் பக்கம் நான் சொல்றத நம்பலாம், டிராஃப்ட் பக்கம் சொல்றத அனுபவமா எடுத்துக்கங்க. உங்க ஃபைனல நான் பாக்கல, ரிப்ளே பாக்காம அந்த டீமப் பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

உறுதியா சொல்லக்கூடியதுல இருந்து ஆரம்பிக்கிறேன். தோத்தா வெளியேங்கிற கப்ல யாராவது ஒரு டீம் தோக்காமலே வந்துதான் ஆகணும். 16 டீம், 4 ரவுண்டு, ஜெயிச்சவன் நாலு மேட்ச் வரிசையா ஜெயிச்சிருப்பான், அது ரூல்லயே இருக்கு. எல்லா டீமும் சம பலம், எல்லா மேட்சும் காசு சுண்டிப் போட்டு முடிவு பண்றாங்கன்னு வச்சுக்கிட்டாலும் ஒருத்தன் தோக்காம கப் தூக்கிட்டுப் போவான், அவன் கையில என்ன லைன்அப் இருந்துச்சோ அதுதான் ஊருக்கே ஓவர்பவரா தெரியும். போன கப்ல இன்னொரு டீம் ஃபேனிங்கிற ஹீரோவ வச்சு ஜெயிச்சிருந்தா நீங்க இன்னைக்கு ஃபேனியப் பத்தி கேட்டிருப்பீங்க. அதனால "நாலு மேட்ச் தோக்கல"ங்கிறத மட்டும் வச்சு அந்த காம்போவ குத்தம் சொல்ல முடியாது. அதே எஸ்டஸ் காம்போவ அந்த கப்ல வேற யாராவது எடுத்தாங்களா, எடுத்து என்ன ஆனாங்கன்னு விசாரிச்சீங்களா? எடுத்தவன் முதல் ரவுண்டுலயே வீட்டுக்குப் போயிருந்தா அவன யாருமே ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க, ஆனா இந்த கேள்விக்கு அவன்தான் முக்கியமான சாட்சி.

அடுத்தது, ஒரு ஹீரோவோட பலம்னு நாம சொல்றது நம்பர்ல எவ்வளவு பெருசு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் நடத்துற ரயட் கம்பெனி 2019ல தாங்க எப்படி ஒரு சாம்பியன (அந்த கேம்ல ஹீரோவுக்கு அதுதான் பேரு) ஓவர்பவர்னு முடிவு பண்றோம்னு வெளிப்படையா எழுதி போட்டாங்க. சாதாரண ஆட்டக்காரங்க, நல்லா ஆடுறவங்க, உச்சத்துல இருக்குறவங்க, ப்ரோன்னு நாலு கூட்டமா பிரிச்சு, இதுல ஏதாவது ஒண்ணுல எல்லை தாண்டுனாலும் ஓவர்பவர்னு எடுத்துக்குறாங்க. சாதாரண கூட்டத்துல அதிகம் பான் ஆகாத ஒரு சாம்பியன் சுமார் 54.5 சதவீதம் ஜெயிச்சா எல்லை தாண்டுனதா கணக்கு. பாருங்க, லட்சக்கணக்கான கேம் பாத்துட்டு "இது தாங்காது, குறைக்கணும்"னு அவங்க கை வைக்கிற இடமே 54.5தான். நூறு கேம்ல அம்பதுக்கு பதிலா அம்பத்தி நாலு, அம்பத்தஞ்சு. எண்பது தொண்ணூறுன்னு நாம மாமாக் கடையில உக்காந்து பேசுறது எதுவும் அந்த உலகத்துல கிடையாது. எஸ்டஸ் வேற கேம்ல இருக்குற ஹீரோ, அவனுக்கு அந்த எல்லை அப்படியே பொருந்தும்னு சொல்ல வரல, ஆனா அஞ்சுக்கு அஞ்சு கேம் எதுல வேணா பாருங்க, ஒரு ஹீரோவால வர்ற வித்தியாசம் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

இப்ப ஆளோட பலத்துக்கு வாங்க. செஸ்ல ஆர்பாட் எலோன்னு ஒரு இயற்பியல்காரர் கொண்டு வந்த ரேட்டிங் முறைய கேள்விப்பட்டிருப்பீங்க, ஆன்லைன் கேம் பலதுல மேட்ச்மேக்கிங்குக்கு வேர் அதுதான். அந்த கணக்குல 200 புள்ளி மேல இருக்குறவன் கீழ இருக்குறவன 100க்கு 76 தடவ ஜெயிப்பான், 400 புள்ளி வித்தியாசம்னா 91. ஓவர்பவர் ஹீரோவோட அந்த 54.5ஐ இதே கணக்குல மாத்திப் பாத்தா வெறும் 31 புள்ளிதான் வருது. புரியுதா, ஊரே திட்டுற ஹீரோவ கையில குடுத்தாலும் 31 புள்ளி கூடுது, ஆனா கொஞ்சம் சீரியஸா பிராக்டிஸ் பண்ற டீமுக்கும் ஞாயித்துக்கிழமை மட்டும் சேர்ற டீமுக்கும் 200 புள்ளி வித்தியாசம் ரொம்ப சாதாரணமா இருக்கும். இத உங்க கப்புக்கே போட்டுப் பாத்தேன். எல்லாரும் சம பலம், ஒரு டீமுக்கு மட்டும் ஒவ்வொரு கேம்லயும் 54.5 சதவீத வாய்ப்புன்னா, மூணு ஒத்தை கேமும் ஒரு ஃபைனலும் தாண்டி கப் அடிக்க 100க்கு 9 தடவதான் முடியும். காம்போ எதுவும் இல்லாம வெறும் ஆட்டத்துல 200 புள்ளி மேல இருக்குற டீம்னா 100க்கு 37, 38. ரெண்டுல எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு நீங்களே பாத்துக்கங்க. 200ங்கிறது நான் எடுத்துக்கிட்ட ஊகம், உங்க ஊர் டீம் நிஜத்துல எவ்வளவு தூரம்னு ரிப்ளே பாத்தாதான் தெரியும், ஆனா கணக்கு காட்டுற திசை மாறாது.

நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன், ஏன்னா பசங்க இதுலதான் ரொம்ப சண்டை போடுறாங்க. "நான் எஸ்டஸ்க்கு எதிரா 20 கேம்ல 6தான் ஜெயிச்சேன், இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்"னு கேப்பாங்க. 20 கேம்லாம் ஒண்ணுமே இல்ல. 100 கேம் ஆடுனாலும் கணக்குப்படி மேல 10 கீழ 10ன்னு அதிர்ஷ்டமே ஆட்டி வைக்கும், அதாவது நிஜமா 50ல இருக்குற ஹீரோ உங்க கண்ணுக்கு 40ஆவோ 60ஆவோ தெரியலாம். 52க்கும் 50க்கும் வித்தியாசம் பிரிச்சு சொல்லணும்னா பல ஆயிரம் கேம் வேணும். அப்புறம் யாரு அந்த ஹீரோவ ஆடுறாங்கங்கிறது வேற. யாரும் தொடாத ஹீரோன்னா வருஷக்கணக்கா அதையே ஆடுற மெயின் ஆளுங்க மட்டும்தான் மிஞ்சுவாங்க, அதனால வின்ரேட் மேல நிக்கும். ஃபேனி மாதிரி எல்லாரும் ஆசைப்பட்டு கத்துக்கிற ஹீரோன்னா, கேபிள் செவத்துல போடத் தெரியாம, பர்ப்பிள் பஃப்ப விட்டுட்டு எனர்ஜி இல்லாம நிக்கிறவனெல்லாம் கணக்குல சேர்ந்துருவான், வின்ரேட் கீழ இழுக்கும். ரெண்டு நம்பரும் ஹீரோவோட நிஜ பலத்த காட்டாது.

சரி, ரெண்டாவது கேள்வி, அஞ்சும் சேர்ந்தா? இங்கதான் எனக்கும் சந்தேகம், எனக்கு மட்டும் இல்ல, கேம் பண்றவங்களுக்கே கஷ்டமான இடம் இது. இப்ப கேம்ல 120க்கு மேல ஹீரோ இருக்கு. 120ன்னே வச்சு அஞ்சு அஞ்சா சேர்த்தா எத்தன லைன்அப் வரும் தெரியுமா, 19 கோடிக்கு மேல. எதிர் டீமோட அஞ்சையும் சேர்த்தா சொல்லவே வேணாம். எந்த கம்பெனியும் இத்தனையையும் டெஸ்ட் பண்ணிப் பாக்க முடியாது, அதனால எங்கயாவது ஒரு மூலையில ரெண்டு மூணு ஹீரோ சேர்ந்தா தனித்தனியா இருக்குறத விட ரொம்ப பலமா ஆகுற இடம் கண்டிப்பா இருக்கும். எஸ்டஸும் முன்னாடி நிக்கிற டேங்க் ஜங்லரும் அந்த மாதிரி ஒண்ணுதான், அடி வாங்குறவன் சாக மாட்டேங்குறான், சாகாம நிக்கிறதால பின்னாடி இருக்குற மார்க்ஸ்மேன் நிம்மதியா அடிக்கிறான், ஒருத்தன் பலம் இன்னொருத்தன் மேல ஏறுது. இது எத்தன சதவீதம் கூட்டுதுன்னு நம்பர் போட்டு யாராவது அடிச்சு சொன்னா நம்பாதீங்க, வெளிய கிடைக்கிற டேட்டா பெரும்பாலும் ஒத்த ஹீரோவுக்குத்தான்.

அந்த காம்போவோட வரலாறு நமக்கு நல்லாவே தெரியும். 2021ல பிலிப்பைன்ஸ் டீம் பிளாக்லிஸ்ட் இன்டர்நேஷனல், ஓமைவீனஸும் வைஸும் இருந்த டீம், இதே மாதிரி ஹீலர வச்சு, ஜங்லரயே டேங்கா மாத்தி, அஞ்சு பேரும் ஒட்டிக்கிட்டே போற ஒரு ஸ்டைல கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் எம்பிஎல் பிலிப்பைன்ஸ்ங்கிற அந்த நாட்டு லீக்ல ரெண்டு சீசனும் அடிச்சு, டிசம்பர்ல சிங்கப்பூர்ல நடந்த எம்3 உலகக் கோப்பை ஃபைனல்ல ஓனிக் பிலிப்பைன்ஸ 4-0ன்னு துடைச்சாங்க. அப்ப இந்த ஊரு முழுக்க, செந்தூல்ல இருந்து பிறை வரைக்கும், எஸ்டஸ எடுத்துடணும்ங்கிறதுதான் பேச்சு. எங்க காலேஜ் பசங்களும் அதே லைன்அப்ப அப்படியே எடுத்து பாத்தாங்க, அடி வாங்குனதுதான் மிச்சம், ஏன்னா லைன்அப்ப காப்பி அடிக்கலாம், எப்ப ஒண்ணா நகரணும்ங்கிறத காப்பி அடிக்க முடியல. அப்புறம் 2023 ஜனவரியில ஜகார்த்தால அடுத்த உலகக் கோப்பை எம்4 ஃபைனல்ல அதே பிளாக்லிஸ்ட்ட அதே நாட்டு டீம் எக்கோ 4-0ன்னு அடிச்சுது. மத்த டீமுங்க உக்காந்து படிச்சு, எப்படி உடைக்கணும்னு கத்துக்கிட்டாங்க. நடுவுல பேட்ச் (கம்பெனி கேம்ல பண்ற மாற்றம்) பல வந்துச்சு, அதுவும் உதவியிருக்கும், எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. ஆனா நெர்ஃப் மட்டுமே அந்த ஸ்டைல கொன்னுச்சுன்னு சொன்னா அது எக்கோ பசங்களுக்கு செய்ற அநியாயம்.

டோட்டாங்கிற இன்னொரு அஞ்சுக்கு அஞ்சு கேம்லயும் இதே கதை உண்டு. 2021 அக்டோபர், புக்கரெஸ்ட்ல டிஐ10 (டிஐங்கிறது டோட்டாவோட உலகக் கோப்பை) ஃபைனல், பிஎஸ்ஜி எல்ஜிடி டீமுக்கு நம்ம மலேசியாக்காரர் நத்திங்டுசே மிட் ஆடுறார், எதிர்ல டீம் ஸ்பிரிட். 2-2ன்னு நிக்குது, அஞ்சாவது கேம்ல எல்ஜிடி மேக்னஸ்ங்கிற ஹீரோவ பான் பண்ணாம விட்டாங்க, ஸ்பிரிட் ஆட்டக்காரர் கொலாப்ஸ் அத எடுத்தார், கப் போச்சு. அன்னைக்கு ராத்திரி இங்க எல்லாரும் "மேக்னஸ் ஓவர்பவர், ஏன் விட்டாங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஆனா அதே பேட்ச்ல அதே மேக்னஸ வேற ஆளுங்க எடுத்து சாதாரணமா தோத்துருக்காங்க. கொலாப்ஸ் கையில இருந்த மேக்னஸ்தான் பயம். ஹீரோவையும் ஆளையும் பிரிச்சுப் பாக்கணும்னு நான் சொல்றது இதுக்குத்தான், பான் பண்ணும்போது நாம ஹீரோவ பான் பண்ற மாதிரி தெரிஞ்சாலும் பாதி நேரம் ஒரு ஆள பான் பண்றோம்.

மூணாவது கேள்விதான் உங்க கேஸ்ல எனக்கு ரொம்ப தோணுது, அந்த அஞ்சு பசங்க. இத நான் ரெஃப்ரி நாற்காலில உக்காந்து கண்ணால பாக்குறது. முதல் டர்ட்டில் (ரெண்டு டீமும் அடிச்சுப் பிடிக்கப் போட்டி போடுற மிருகம்) 2 நிமிஷத்துல வரும், எல்லாருக்கும் தெரியும். பழகுன டீம்ல 1:35, 1:40க்கே ரோமர் லேன விட்டு கிளம்பிருவான், டர்ட்டில் பக்கத்து புதர்ல போய் தலைய விட்டுப் பாப்பான், மிட் ஆளு வேவ்வ தட்டிட்டு பின்னாலயே வருவான், ஜங்லர் பஃப் முடிச்சு ரெட்ரிபியூஷன் (மிருகத்த முடிக்கிற ஸ்பெல்) ரெடியா வச்சுக்கிட்டு நிப்பான், யாரும் யாரையும் கூப்பிடுறது கூட இல்ல. எதிர் டீம் என்ன பண்ணும்? டர்ட்டில் வந்துருச்சுன்னு ஸ்கிரீன்ல எழுத்து வந்தப்புறம் "டர்ட்டில் டர்ட்டில், வாங்கடா"ன்னு ஒருத்தன் கத்துவான், கோல்டு லேன் ஆளு "ஒரு வேவ், ஒரு வேவ்"ம்பான். அங்க போய் சேரும்போது புதர்ல மூணு பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க. இவங்க ஒவ்வொருத்தரா வந்து மாட்டுவாங்க. எஸ்டஸ் இருந்தாலும் தோப்பாங்க, இல்லாட்டியும் தோப்பாங்க, ஆனா வெளிய வந்து சொல்றது "ஹீல் தாங்கல அண்ணே"ன்னு. உறுமி மேளம் அடிக்கிற குழு மாதிரிதான் இது, அஞ்சு பேரு பல மாசம் சேர்ந்து அடிச்சுப் பழகியிருந்தா, யாரும் கண்ணு காட்டாமலே தாளம் மாறும். 2024 ஜூலையில ரியாத்ல சிலாங்கூர் ரெட் ஜெயன்ட்ஸ் எம்எஸ்சிங்கிற சர்வதேச கப் ஃபைனல்ல ஃபால்கன்ஸ் ஏபி பிரென்ன 4-3ன்னு ஜெயிச்சு, அந்த கப்ப முதல் தடவ மலேசியாவுக்கு கொண்டு வந்தப்ப நான் வாயப் பொளந்து பாத்தது எந்த ஹீரோ எடுத்தாங்கங்கிறத இல்ல, ஏழாவது கேம் வரைக்கும் அந்த ஒழுங்கு குலையாம இருந்தத.

மூண்டன் ஏன் கை வைக்கலங்கிறதுக்கும் பதில் இதுலயே இருக்கு. கம்பெனிக்கு ரேங்க் ஆடுற மொத்த ஜனமும் முக்கியம். எபிக் ரேங்க்ல தனியா கியூ போடுற பொண்ணு ஒருத்தி எஸ்டஸ் எடுத்தா, அவ ஹீல் பண்ண போற மார்க்ஸ்மேன் ஒரு மூலையில தனியா செத்துக்கிட்டு இருப்பான். அஞ்சு பேரு மைக் போட்டு ஆடுற டீமுக்காக எஸ்டஸ குறைச்சா அவ நிலைமை இன்னும் மோசமாகும். இது எல்லா கேம்லயும் இருக்குற தலைவலி. டோட்டால ஐஓ (Io), லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல அசிர், ரைஸ்ங்கிற ஹீரோ எல்லாம் வருஷக்கணக்கா இப்படித்தான், ப்ரோ மேட்ச்ல பான் ஆகிட்டே இருக்கும், சாதாரண மேட்ச்ல அம்பதுக்கு கீழதான் ஜெயிக்கும். எத வச்சு பேலன்ஸ் பண்றதுன்னு சொல்லுங்க, ஒருத்தர குளிர வச்சா இன்னொருத்தருக்கு சுடும். அதே சமயம் உங்க எரிச்சல நான் ஒதுக்கல. ரயட்டோட அந்த முறையில பான் ரேட் ஏற ஏற வின்ரேட் எல்லை கீழ இறங்கும், அதாவது ஜனங்களுக்கு எதிர்த்து ஆடவே பிடிக்கலன்னா, 54.5 வரைக்கும் காத்திருக்காம முன்னாடியே கை வைப்பாங்க. அடிச்சுக்கிட்டே இருக்கோம், ரத்தம் இறங்கவே மாட்டேங்குதுங்கிறது மனுஷன் மனச நோகடிக்கிற ஆட்டம்தான், அதையும் கணக்குல எடுக்கணும்னு நான் மனசார நம்புறேன்.

ஆனா அவசரப்பட்டு ரூல்ல கை வச்சா என்ன ஆகும்னும் பாத்திருக்கோம். 2014 டிஐ4ல டோட்டா கேம் பலது சீக்கிரமே முடிஞ்சு போச்சு, ஆரம்பத்துல டவர் தள்ளி முன்னாடி போனவன திரும்பப் பிடிக்கவே முடியல, நியூபீ டீம் விசி கேமிங் டீம 3-1ன்னு ஜெயிச்ச ஃபைனலே சப்புன்னு இருந்துச்சு. எல்லாரும் கத்துனாங்க. செப்டம்பர்ல 6.82 பேட்ச் வந்துச்சு, தோக்குற டீம் ஒரு சண்டை ஜெயிச்சா கொட்டோ கொட்டுன்னு கோல்டு. அதுக்கப்புறம் முப்பது நிமிஷம் நல்லா ஆடி முன்னாடி இருந்தவன் ஒரே சண்டையில எல்லாத்தையும் விட்டான், நல்லா ஆடுறதுக்கே தண்டனை மாதிரி ஆச்சு, உடனே அடுத்தடுத்த சின்ன பேட்ச்ல அத இறக்க வேண்டியதாப் போச்சு. உலகத்துலயே அதிகமா டேட்டா வச்சிருக்குற ஆளுங்களுக்கே ஒரே தடவையில சரியா வரல, ஒரு டேவான்ல கப் நடத்துறவர் ஒரு ராத்திரில முடிவு பண்ணி ஒரு காம்போவ தூக்குனா சரியா வருமா?

நேரடியா தடை பண்ண வேண்டியது எதுன்னு கேட்டா, கேம் எப்படி இருக்கணும்னு நினைச்சு பண்ணாங்களோ அத உடைக்கிற விஷயம். 2013 டிஐ3ல நாவி டீம் டோங்ஃபூவுக்கு எதிரா பண்ணது ஞாபகம் இருக்கா, பட்ஜ்ங்கிற ஹீரோ ஹூக் போட்ட அதே நொடியில சென்ங்கிற ஹீரோ பட்ஜ தங்க டீமோட ஃபவுண்டனுக்கு (எதிரி வந்தா அடிச்சுக் கொல்ற சொந்த பேஸ்) அனுப்ப, மாட்டுன எதிராளி நேரா ஃபவுண்டன்ல போய் விழுந்து சாவான். தப்பிக்க வழியே கிடையாது. அத அடுத்த பெரிய பேட்ச்ல எடுத்துட்டாங்க, சரியான முடிவுன்னுதான் சொல்வேன், அன்னைக்கு அத ரசிச்சவங்க இன்னைக்கும் ஒத்துக்க மாட்டாங்க. எஸ்டஸ் காம்போ அந்த ரகம் இல்ல. தெளிவா பதில் இருக்கு. டிராஃப்ட்ல அஞ்சு பான் கையில இருக்கு, உங்களுக்கு அவ்வளவு பயம்னா ஒண்ண எஸ்டஸ் மேல போட்டிருக்கலாம், ஃபைனல் ரெண்டாவது கேம்லயும் விட்டீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பக்ஸியாங்கிற ஹீரோ அடிச்சா எதிராளியோட ஹீல் குறையும். சீ ஹால்பெர்ட், டாமினன்ஸ் ஐஸ்னு ஆண்டி-ஹீல் ஐட்டம் கடையில கிடக்கு. நான் பாத்த கம்யூனிட்டி மேட்ச்ல நடக்குறது என்னன்னா, ஜங்லர் வாங்குவான்னு எக்ஸ்பி லேன் நினைப்பான், எக்ஸ்பி லேன் வாங்குவான்னு மார்க்ஸ்மேன் நினைப்பான், கடைசில 12வது நிமிஷம் ஒருத்தன் நாலாவது ஐட்டமா வாங்குவான். அது ரெண்டாவது ஐட்டமா வரணும், யாரு வாங்குறதுன்னு டிராஃப்ட்லயே பேசி வைக்கணும். எஸ்டஸோட ஹீல் கூட இருக்குறவங்க கிட்ட இருந்தாத்தான் வேலை செய்யும், தூரம் போனா கயிறு அறுந்துரும், அதனால ஒரே இடத்துல மோதாம பக்கத்து லேன தள்ளி அவங்கள பிரிய வைங்க. எஸ்டஸ் அல்டிமேட் (பெரிய ஸ்கில்) போட்டு முடிச்சதும் அடுத்தது வர்ற வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கு, அந்த நேரத்துக்குத்தான் சண்டைய வைக்கணும்.

ஏற்பாட்டாளர்கிட்ட கேக்க வேண்டியது வேற இருக்கு, அதுக்கு நான் உங்க பக்கம்தான். முதல்ல ஃபியர்லெஸ் டிராஃப்ட் கேளுங்க. ஒரு சீரிஸ்ல ஒரு கேம்ல எடுத்த ஹீரோவ அடுத்த கேம்ல திரும்ப எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல 2025ல இருந்து உலக அளவு போட்டி வரைக்கும் இதுதான் நடக்குது, ஹானர் ஆஃப் கிங்ஸ்ங்கிற இன்னொரு போன் கேமோட சீனா லீக்ல அதுக்கு முன்னாடியே இந்த மாதிரி ரூல் உண்டு. யாரு காம்போவையும் குறி வச்சு அடிக்காம, ஒரே பாட்டு பாடுறவன மட்டும் சோதிக்கும், நியாயமான ரூல். ஆனா ஒத்தை கேம் ரவுண்டுல இது வேலைக்கு ஆகாது, எல்லா ரவுண்டும் மூணுல ரெண்டா மாத்தணும். மாத்துனா உங்களுக்கு சாதகம்னு மட்டும் நினைக்காதீங்க, நான் மேல சொன்ன 200 புள்ளி டீமுக்கு அப்ப கப் வாய்ப்பு 38ல இருந்து 53 ஆகும், நிறைய கேம் ஆடுனா நல்லா ஆடுறவன்தான் மேல வருவான். ரெண்டாவது, அந்த அஞ்சு பேரு யாருன்னு கேளுங்க. 500 வெள்ளி பரிசு வைக்கிற தாமான் கப்ல, லீக் டிரையல் வரைக்கும் போன பசங்க வேற பேருல வந்து ஆடுறது நம்ம ஊருல நடக்குது, பதிவு பண்ண ஐடி ஒண்ணு, ஃபைனல்ல போன பிடிச்சிருக்குற கை வேறன்னு ஜோக்கி வேலையும் நடக்குது. கேம் ஐடியும் ஐசியும் (அடையாள அட்டை) ஒத்துப் பாக்குறது, ரேங்க் உச்ச வரம்பு வைக்கிறது, இல்ல பலமான டீமுங்கள தனி பிரிவா பிரிக்கிறது, இதெல்லாம் ஏற்பாட்டாளர் கையில இருக்கு. அவங்க அப்படி ஏமாத்துனாங்கன்னு நான் சொல்லல, விதி இருந்தா உங்களுக்கும் சந்தேகம் இருக்காது, அவங்களுக்கும் கெட்ட பேரு வராது.

இதுக்கெல்லாம் முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க, செலவே இல்லாதது. ஜெயிச்ச டீம் உங்க பக்கத்து பசங்கதானே, ஒரு நாள் ராத்திரி கஸ்டம் ரூமுக்கு கூப்பிடுங்க. லைன்அப்ப மாத்திக்கங்க, எஸ்டஸ் காம்போ உங்களுக்கு, உங்க லைன்அப் அவங்களுக்கு. முதல் ரெண்டு கேம எண்ணாதீங்க, கை பழகட்டும், அதுக்கப்புறம் ஒரு பத்து கேம் ஆடுங்க. பத்துல எட்டு ஒன்பது அவங்களே உங்க லைன்அப்ப வச்சு ஜெயிச்சா விஷயம் முடிஞ்சுது, அது காம்போ இல்ல. மாறா நீங்க ஆறு ஏழு ஜெயிக்க ஆரம்பிச்சா, பத்து கேம் கம்மிதான், அத வச்சு நானும் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா காம்போல ஏதோ இருக்குன்னு சொல்ல உங்ககிட்ட ஒரு காரணம் இருக்கும், அத எடுத்துக்கிட்டு ஏற்பாட்டாளர்கிட்ட போங்க. ஆடும்போது ரிப்ளே சேவ் பண்ணி வைங்க, 1:30ல இருந்து 2:10 வரைக்கும் மட்டும் ரெண்டு டீமோட ரோமர் எங்க நிக்கிறான்னு பாத்து எனக்கு அனுப்புங்க, ஆண்டி-ஹீல் எத்தனாவது நிமிஷம் வாங்குனீங்கங்கிறதையும் எழுதுங்க, அத வச்சு உங்க டிராஃப்ட நான் உக்காந்து பாத்து சொல்றேன்.